வெறுந்தரைத் தொட்டியும் இரண்டு வாளிகளும்

முதலில் செத்தது இறால்தான்.

சிவப்பு உடம்பும் முதுகில் வெள்ளைக் கோடும் உள்ள இறால் அது. மீன்களின் வாய்க்குள் நுழைந்து சுத்தம் செய்யும். காலையில் நான் தொட்டிக்குள் கை விட்டால் என் நகத்தையும் சுரண்டிப் பார்க்கும். அன்று அது கண்ணாடித் தரையில் மல்லாந்து கிடந்தது. மணல் போடாத தொட்டி என்பதால் தூரத்திலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் சில நத்தைகள் கண்ணாடிப் பிடியை விட்டுக் கவிழ்ந்து கிடந்தன. மீன்களுக்கு ஒன்றும் இல்லை. எப்போதும் போல் தீனிக்கு என் முன்னால் வந்து நின்றன.

மீன் நன்றாக இருந்து, இறாலும் நத்தையும் மட்டும் செத்தால் அது எதனால் என்று அந்தக் கடையில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். முதலாளி முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. செம்பு. தண்ணீரில் எங்கிருந்தோ செம்பு கலந்திருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். மீன் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகள் படிக்கட்டும், எழுதுங்கள் என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். நான் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

பின்சந்து

என் கணவர் லாரி கவிழ்ந்து இறந்த பிறகு குயின் ஸ்திரீட்டில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கீழே துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் நம்மவர்கள் கடை. காலையில் அவர்கள் கதவைத் திறந்து சாமிக்குத் தீபம் காட்டும் நேரத்தில் நான் படியிறங்கி வருவேன். யாரும் திட்டியதில்லை. "கடை திறக்கிற நேரம் பாக்கியம், கொஞ்சம் அந்தப் பக்கமா போயேன்" என்று மெதுவாகத்தான் சொன்னார்கள். மெதுவாகச் சொன்னதால் எனக்குக் கோபப்படவும் வழியில்லை. அன்றிலிருந்து பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தேன்.

பின்சந்தில்தான் அந்த மீன் கடையின் பின்வாசல் இருந்தது. முதலாளி நடராஜா அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு கடை போட்டவர். யாழ்ப்பாண வம்சம். கடையில் எங்களைப் போலவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்துவிடும். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு நாள் பின்வாசலில் வாளி கழுவிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, தினமும் இந்தக் குப்பைச் சந்துலயே போறீங்களே, முன்னால ரோடு இல்லையா?"

"கடை திறக்கிற நேரம் சார்" என்றேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "இங்க கடை திறந்தா முதல்ல பார்க்கறது மீனுங்கதான். அதுங்களுக்கு ராசி எல்லாம் தெரியாது. கை சுத்தமா இருந்தா போதும். வேலைக்கு வர்றீங்களா?"

அப்படித்தான் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் உழைத்திருப்பேன்.

மணல் எங்கே?

கடையின் வடகிழக்கு மூலையில், ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு அந்தக் கடல் தொட்டி இருந்தது. விற்பதற்கு இல்லை. வருகிறவர்கள் பார்த்து ஆசைப்படுவதற்கு. உள்ளே பவளங்கள், சாமந்திப்பூ மாதிரி விரிந்து ஆடும் கடல்பூ, அதற்குள் படுத்துத் தூங்கும் ஆரஞ்சு மீன்கள். உயிருள்ள பாறைகள், கடையில் லைவ் ராக் என்போம், பெட்டியில் ஈரத் தாளில் சுற்றி வரும். அவற்றைத் தரையில் வைக்காமல் வெள்ளை பிவிசி குழாய்த் துண்டுகளின் மேல் அடுக்கி வைத்திருந்தார் சார். பாறைக்கு அடியிலும் தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காக. மற்றபடி தரையில் ஒன்றும் கிடையாது. வெறும் கண்ணாடி.

அந்தக் காலத்தில் எல்லோரும் மணல் போட்டுத்தான் வைப்பார்கள். வெறுந்தரையைப் பார்த்து வராத கேலி இல்லை.

"மானா பாசிர்?" மணல் எங்கே என்று சீனர் ஒருவர் கண்ணாடியைத் தட்டிக் கேட்பார்.

"அண்ணே, வீடு கட்டிட்டு தரை போட மறந்துட்டீங்களா?" என்பார் இன்னொருவர்.

வேன் ஓட்டும் மணியம் எல்லோரையும் மிஞ்சிவிடுவான். முப்பது வயது இருக்கும், வாய் சும்மா இருக்காது. "மீனுக்கு உடுப்பு இல்ல, சரி. தொட்டிக்குமா இல்ல? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வர்ற ஆளுங்க இந்தப் பக்கம் எப்படிலா வருவாங்க?"

சார் சிரிக்க மாட்டார். பாடம் எடுப்பார். "மணல் போட்டா மீன் கழிவு, தின்னு போட்ட மிச்சம் எல்லாம் அடியில போய் ஒளிஞ்சிக்கும். அங்கேயே அழுகும். நீ மேல பார்த்து அழகா இருக்குன்னு நினைச்சிக்கிட்டு இருப்பே. தரை வெறுமனே இருந்தா ஒண்ணும் ஒளிய முடியாது. விழுந்தது விழுந்த இடத்துல தெரியும். தெரிஞ்சதை எடுத்துடலாம்."

எடுப்பது என் வேலை. மெல்லிய குழாயின் ஒரு முனையைத் தொட்டித் தரையில் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் நாக்குக்கு வரும் முன்னே விரலால் அடைத்து வாளிக்குள் விட வேண்டும். பிறகு அதுவாக ஓடும். தரையில் கிடக்கும் பழுப்புத் தூளை எல்லாம் குழாய் முனையால் மேய்ந்து எடுக்கலாம். பழகும்வரை கடல் தண்ணீர் வாய்க்குள் வந்துவிடும். துப்பிவிட்டுப் பசியாறப் போனால் ரொட்டியும் தேத்தண்ணியும் உப்புக் கரிக்கும்.

"அக்கா பாதிக் கடலைக் குடிச்சிட்டாங்க, இன்னும் தாகம் அடங்கலை" என்பான் மணியம்.

எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் கரையோரத் தண்ணீர் சேறு. மலாய்க்காரர் ஒருவர் படகில் தூரம் போய் நீலப் பீப்பாய்களில் எடுத்து வந்து கொடுப்பார். பவளம் வளர சுண்ணாம்புத் தண்ணீரும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் ஜெர்மன் டின்னில் வந்த பொடியைக் கரைத்தார் சார். ஒரு நாள் டின்னில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பாக்கியம், இது நம்ம வெத்தலைச் சுண்ணாம்பு!" அதன் பிறகு நான் வீட்டில் செய்வது போலச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் அந்தத் தொட்டியைத் தொடுகிற கை என்னுடையது மட்டும் என்று ஆகிவிட்டது. சார் மற்றவர்களிடம் சொல்லுவார்: "அதுல கை வைக்காதே. அது பாக்கியத்தோட தொட்டி."

சிவப்பு வாளி, நீல வாளி

கடைக்குப் புதிதாக வரும் மீன்களை நேராக நல்ல தொட்டியில் விட மாட்டோம். பின்வாசல் பக்கம் மருந்துத் தொட்டி இருந்தது. மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி நோய் வரும். அதற்கு நீல நிறத்தில் செம்பு மருந்து. அளவாக விட்டால் மீன் பிழைக்கும். அதே மருந்து பவளத் தொட்டியில் கொஞ்சம் கலந்தாலும் இறால், நத்தை, கடல்பூ, பவளம் எல்லாம் போய்விடும்.

ஆகவே மருந்துத் தொட்டிக்குச் சிவப்பு வாளி, சிவப்பு நாடா கட்டிய குழாய். கடல் தொட்டிக்கு நீல வாளி, நீல நாடா. சிவப்பு வாளி பின்வாசல் ஆணியை விட்டு உள்ளே வராது. நான் முதலில் நீல வேலையை முடித்து, கை கழுவி, பிறகுதான் சிவப்புப் பக்கம் போவேன். வளையல், மோதிரம் எல்லாம் கழற்றிவிட வேண்டும் என்பார் சார். என் கையில் கழற்ற ஒன்றும் இல்லை.

இது பெரிய வித்தை இல்லை. வீட்டில் சாமிக்குத் தனிப் பாத்திரம் வைக்கிற மாதிரிதான். அதனால் எனக்கு அது தவறியதே இல்லை.

ஹோட்டல் வேலை

கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல் கட்டி முடிக்கும் நேரம். அதன் முன்கூடத்தில் சுவர் நீளத்துக்குக் கடல் தொட்டி வைக்க வேண்டும் என்று சாரிடம் பேசினார்கள். கடைத் தொட்டியை மேனேஜர் வந்து பார்ப்பார், பிடித்தால் வேலை சாருக்கு.

சார் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார். "பாக்கியம், இது கிடைச்சா தொட்டியைப் பார்த்துக்க அங்கேயே ஒரு ஆள் நிரந்தரமா வேணும். உன் பேரைக் கொடுத்திருக்கேன். ஹோட்டல் சம்பளம், யூனிஃபார்ம், இபிஎஃப் எல்லாம் உண்டு. முன்வாசல் வழியாப் போய் முன்வாசல் வழியா வரலாம்."

கடைசியாகச் சொன்னது அவருக்குச் சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. அன்று அறைக்குப் போய் யூனிஃபார்ம் என்ன நிறமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சாரின் மனைவி புனிதம் அம்மா. பக்தி அதிகம். வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு வந்து சாமி படத்துக்குப் பூ வைத்து, சாம்பிராணி காட்டுவார். "தொட்டிப் பக்கம் கொண்டு போகாதே, ஸ்கிம்மர் புகையை உள்ளே இழுத்துக்கும்" என்று சார் சத்தம் போடுவார். ஸ்கிம்மர் என்பது காற்றை நுரையாக்கித் தண்ணீரின் அழுக்கைப் பிரிக்கும் குழல். அம்மாவுக்கு வருத்தம். "கடையில பெரிய பொருள் அதுதான். அதுக்கு மட்டும் சாமி காட்டப்படாது எண்டா எப்பிடி?" என்பார் என்னிடம். என்னிடம் அன்பாகத்தான் இருப்பார். ஆனால் கடைச் சாவியை என் கையிலிருந்து நேராக வாங்க மாட்டார். மேசையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்.

மேனேஜர் வருவதற்குச் சில வாரம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. சார் பாங்குக்குப் போயிருந்தார். மணியம் வேனில். அம்மா என்னை மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு அனுப்பி மல்லிகையும் கற்பூரமும் வாங்கி வரச் சொன்னார். நான் திரும்பி வரும்போது தொட்டிக்கு முன்னால் தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது. ஸ்டூல் இடம் மாறிக் கிடந்தது. அம்மா முந்தானையால் முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மீனைப் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார்.

நான் தரையைத் துடைத்தேன். ஸ்டூலை அதன் இடத்தில் வைத்தேன்.

எந்த வாளி?

அடுத்த வாரமே இறால் செத்தது. சார் டெஸ்ட் கிட்டைக் கொண்டுவந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டார். நிறம் மாறியது. அவர் முகமும் மாறியது.

"சிவப்பு வாளியை உள்ள கொண்டு வந்தியா?"

"இல்ல சார்."

என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"சரி. தெரியாம நடந்திருக்கும். இனிமே கவனமா இரு" என்றார். அந்த நேரம் அவர் நல்லபடியாகத்தான் பேசினார். பாதித் தண்ணீரை இறக்கிப் புதிதாக ஊற்றினோம். கரி வைத்து வடிகட்டினோம். டெஸ்டில் நிறம் குறைந்தது. கடல்பூ கொஞ்சம் விரிந்தது. நான் மூச்சு விட்டேன்.

சில நாளில் மறுபடி நிறம் ஏறியது. பவளங்கள் சுருங்கி, சதை நூலாகப் பிரிந்து மிதந்தது. கடல்பூ தன் பிடியை விட்டு, கந்தல் துணி மாதிரி தரையில் உருண்டது. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் அது போகிற இடமெல்லாம் கூடவே போயின. வெறுந்தரை ஆனதால் எதுவும் மறையவில்லை. ஒவ்வொரு காலையும் செத்தது எல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டது. நான் குழாயால் அவற்றை எடுத்தேன்.

முதல் முறை தெரியாமல் நடந்தது என்று வைத்தாலும், சொன்ன பிறகும் செம்பு ஏறினால் என்ன அர்த்தம்? சார் கணக்கு அப்படி. அதில் தப்பு சொல்ல முடியாது. தண்ணீரைத் தொடுவது நான் ஒருத்தி.

ஹோட்டல் மேனேஜர் வந்தது அந்த நிலையில்தான். தள்ளிப் போட சார் எவ்வளவோ கேட்டும் முடியவில்லை. கோட்டு சூட்டு போட்ட சீனர். தொட்டியைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார், மலாயில் மெதுவாக என்னவோ கேட்டார். சார் திரும்பி என்னைக் காட்டினார். கடையில் மணியம் இருந்தான், வாங்க வந்தவர்கள் சிலர் இருந்தார்கள், புனிதம் அம்மா இருந்தார்.

"எந்த வாளியை எடுத்தனி? எத்தனை தரம் உனக்குச் சொன்னனான்? ஏன் கதைக்காம நிக்கிறாய், வாயைத் திறந்து சொல்லன்!"

வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. நான் தலையைக் குனிந்து நின்றேன். நான் குனிந்ததை எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் போன பிறகு புனிதம் அம்மா சொன்னார். சத்தமாக இல்லை. அவரும் மெதுவாகத்தான் சொன்னார். "நான் அப்பவே சொன்னனான். வேலைக்கு வைக்க முந்தி கைராசி பாக்க வேணுமெண்டு. நீங்கள்தான் கேக்கேல்லை."

சார் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மீனுக்கு ராசி தெரியாது என்று சொன்னவர் அவர்தான். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்.

வாளிக்காரி

நாங்கள் இருந்த தீவில் கடல் மீன் விற்கும் கடைகள் அப்போது அதிகம் இல்லை. இருந்த கடைகளில் போய்க் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆ, பால்டி! நீதானே அந்த வாளிப் பொம்பளை?" என்று மலாயில் கேட்டார். அவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மணியம் வேனில் போகிற இடமெல்லாம் கதையையும் இறக்கிவிட்டு வந்திருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு. சிரிக்க ஒரு கதை கிடைத்தது, அவ்வளவுதான்.

கடைசியில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் தட்டு கழுவும் வேலை கிடைத்தது. பெர்ரி ஏறி, பஸ் மாறிப் போக வேண்டும். அங்கேயும் பின்வாசல்தான்.

பாறைகளை எடுத்த நாள்

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் என் அறைக்கு ஆள் அனுப்பினார். தொட்டியைக் கலைக்கிறார், ஒத்தாசைக்கு வர முடியுமா என்று. மணியத்துக்கு முதுகு வலி. செத்த தொட்டியில் கை விட வேறு யாரும் வரவில்லை.

ஏன் போனாய் என்று பிறகு என் அக்கா திட்டினாள். தொட்டியைப் பார்க்கத்தான் போனேன்.

சார் மெலிந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எத்தனை தரம் தண்ணி மாத்தினாலும் செம்பு இறங்கல. பாறைக்குள்ள ஊறிடுச்சி. இனிமே இந்தப் பாறை எதுக்கும் ஆகாது" என்றார். பாறை செம்பைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும், அது உண்மைதான். அதனால்தான் நான் போன பிறகும் செம்பு இருந்ததை அவர் வேறு விதமாக யோசிக்கவே இல்லை.

நான் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டேன். ஒரு காலத்தில் ஊதாவும் பச்சையுமாக இருந்தவை. சாம்பல் நிறமாகிவிட்டன. கடைசியாகக் குழாய்த் துண்டுகளை எடுத்தேன். மூலையில் இருந்த துண்டைக் கவிழ்த்ததும் உள்ளிருந்து ஒன்று கண்ணாடித் தரையில் டணங்கென்று விழுந்தது.

விரல் நீளத்துக்குச் சுருட்டிய தகடு. மேலே சிவப்பு நூல், நிறம் போய்விட்டது. தகடு பச்சையாகக் களிம்பு பிடித்து, ஓரங்களில் தின்னப்பட்டிருந்தது. செப்புத் தகடு.

நான் தொடவில்லை. சார்தான் எடுத்தார். துணியால் துடைத்து மெல்லப் பிரித்தார். கட்டம் கட்டமாகக் கீறி எழுத்துகள் போட்டிருந்தன. அதன் அடியில் நடராஜா என்ற பெயரும் அவருடைய நட்சத்திரமும். வியாபாரம் கூட வேண்டும், எடுத்த காரியம் முடிய வேண்டும் என்று மந்திரித்துக் கொடுக்கிற தகடு. தண்ணீர் இருக்கும் ஈசான்ய மூலையில் வை என்று யாரோ சாமியார் சொல்லியிருக்க வேண்டும். கடையில் அந்த மூலையில் தண்ணீர் இருந்தது அந்தத் தொட்டியில்தான்.

சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். அதே ஸ்டூல்.

"ஐயோ, புனிதம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தகட்டைப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம், பாக்கியம். தாங்க மாட்டா. எனக்கு நல்லது செய்யணும்னுதான் செஞ்சிருக்கா. இது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

நான் வாழ்க்கையில் முதலாளிமாரிடம் எதிர்த்துக் கேட்டது மிகக் குறைவு. அன்று கேட்டேன்.

"அப்ப என் பேரு, சார்?"

அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"மணியத்துக்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க. அவன் போற எடத்துல சொல்லிடுவான்."

"சொல்றேன். நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மீதித் தண்ணீரை இறக்க வேண்டியிருந்தது. பழக்கத்தில் குழாயை வாயில் வைத்தேன். அவர் பதறித் தடுத்தார். "வேணாம், செம்புத் தண்ணி." அந்த அக்கறை அவரிடம் கடைசிவரை இருந்தது. அதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. என் வாய்க்குள் செம்பு போகக் கூடாது என்று பார்த்தவர், என் பேரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மணியத்தின் கல்யாணம்

சார் சொல்லவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது சில வருடம் கழித்து, மணியத்தின் கல்யாணத்தில். ஒரு வழியாக அவனுக்குப் பெண் கிடைத்து, கெப்பாலா பத்தாஸில் ஒரு மண்டபத்தில் வைத்திருந்தான். கேண்டீன் வாசல்வரை காரில் வந்து அழைத்ததால் போனேன்.

மாப்பிள்ளைக் கோலத்தில் வாசலில் நின்றவன் என்னைப் பார்த்ததும் கத்தினான். "வாங்க வாங்க, வாளி அக்கா! நீங்க வரமாட்டீங்கன்னு எங்கம்மாகிட்ட பந்தயம் கட்டினேன்லா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி "அது என்ன வாளி அக்கா?" என்று கேட்க, இன்னொருவர் சொல்ல ஆரம்பித்தார். நான் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் புனிதம் அம்மா. நெற்றியில் விபூதி மட்டும். சார் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. குங்குமத் தாம்பாளம் வரிசை வரிசையாக வந்தது. எங்கள் வரிசையில் எங்கள் இருவரையும் தாண்டும்போது கொஞ்சம் வேகமாகப் போனது. அம்மா அதைக் கண்ணால் பின்தொடர்ந்தார். எனக்கு அது பழகிப் போய்விட்டது. அவருக்கு அது புதிது.

"பாக்கியமே? கிட்ட வந்து இரு" என்று என் கையைப் பிடித்தார். முதல் முறையாக. "அவர் போன பிறகு நான் ஒரு இடமும் போறேல்லை. இந்தப் பொடியன் வீட்டுக்கு வந்து அழுது கூப்பிட்டவன்."

மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தத் தொட்டியோட அவரும் உடைஞ்சு போனார், தெரியுமே? அந்த நேரம் உன்னில எனக்குச் சரியான கோபம். இப்ப இல்லை. நீ வேணுமெண்டே செய்தனி? நான் உன்னை மன்னிச்சிட்டன், பாக்கியம்."

மேடையில் மேளம் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தது. என் நாக்கில் அந்தப் பழைய உப்பு வந்தது. தகட்டைச் சொல்லலாம். ஆனால் தகடு எங்கே? சாரின் சட்டைப் பையோடு போய்விட்டது. பார்த்த இருவரில் ஒருவர் சாம்பலாகிவிட்டார். நான் சொன்னால், செத்த மனுஷன் மேலும் தாலி இழந்தவள் மேலும் பழி போடுகிறாள் வாளிக்காரி என்பார்கள். அதனால் எனக்குச் சொந்தமானதை மட்டும் சொன்னேன்.

"அம்மா, நான் வாளியை மாத்தலை."

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "இப்பவும் ஒத்துக்கொள்ள மாட்டாய், என்ன? சரி, விடு. பழசெல்லாம் ஏன்."

அதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். எல்லோரும் எழுந்து அட்சதை போட்டார்கள். நாங்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தோம்.

புனிதம் அம்மாவும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெறுந்தரைத் தொட்டி வைத்தால் தினமும் உறிஞ்சி எடுங்கள், ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். தரை தெரிகிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள், பாறைக்கு அடியில் இருக்கும் குழாய்க்குள்ளும் பாருங்கள். மருந்து வாளியையும் நல்ல வாளியையும் ஒரே ஆணியில் மாட்டாதீர்கள்.

உங்கள் மேல் ஒரு சொல் விழுந்தால், விழுந்த இடத்திலேயே, கேட்டவர்கள் கலைந்து போகும் முன்னே, இல்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலாளி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். நல்லவராக இருந்தாலும் விடாதீர்கள். பிறகு சொன்னால், மன்னித்துவிட்டேன் என்று சொல்லி உங்கள் வாயை மூடிவிடுவார்கள்.

சிவப்பு வாளி பின்வாசல் ஆணியில்தான் இருந்தது. நீல வாளி தொட்டியடியில்தான் இருந்தது. நான் மாற்றவில்லை.